எட்டு அங்குலத் தொலைநோக்கியும் சூப்பர்நோவா வேட்டையும்

கேள்வி இதுதான்: மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியும் ஒரு கேமராவும் வைத்திருப்பவர், வேறு கேலக்ஸிகளில் தோன்றும் சூப்பர்நோவாவை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீனை, தானே கண்டுபிடிக்க முடியுமா? கண்டுபிடித்தால் யாரிடம் சொல்வது? பிறகு அதை எப்படித் தொடர்ந்து கவனிப்பது?

முடியும். ஆனால் முதல் ஆளாகக் கண்டுபிடிப்பது இன்று மிகக் கடினம். யாரோ கண்டுபிடித்ததை ஒழுங்காக அளந்து தொடர்வது அவ்வளவு கடினமில்லை, அதற்கு மதிப்பும் அதிகம். இரண்டுக்கும் அடிப்படை ஒரே பழக்கம்தான். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, பொறுமையாக ஒப்பிடுவது.

எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். மேக்னிட்யூட் என்ற பொலிவு அளவில் எண் ஏற ஏறப் பொருள் மங்கலாகும். 5 மேக்னிட்யூட் வித்தியாசம் என்றால் 100 மடங்கு. 32.6 ஒளியாண்டு தொலைவில் வைத்துப் பார்த்தால் டைப் 1ஏ சூப்பர்நோவா, அதாவது வெண் குறுமீன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) வெடிப்பது, உச்சத்தில் சுமார் −19.3 இருக்கும். கனமான விண்மீன் வெடிக்கும் டைப் 2 அதைவிட மங்கல், பெரும்பாலும் −16 முதல் −18 வரை. 8 அங்குலக் கருவியில் ஒரு நிமிடப் படங்கள் சிலவற்றைச் சேர்த்தால் நல்ல கிராமத்து வானில் 17-ஐத் தொடலாம். நகரத்து வானில் 15.5 அல்லது 16-க்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். 17 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், உச்சத்தில் இருக்கும் 1ஏ சுமார் 60 கோடி ஒளியாண்டு வரையிலும், −17 பொலிவுள்ள டைப் 2 சுமார் 20 கோடி ஒளியாண்டு வரையிலும் தெரியும். உச்சத்தில் பிடித்துப் பயனில்லை, அதற்குள் வேறு யாராவது பிடித்திருப்பார்கள். உச்சத்துக்கு 2 மேக்னிட்யூட் முன்னதாகவே பிடிக்க வேண்டுமென்றால் இந்தத் தூரங்களை 2.5-ஆல் வகுக்க வேண்டும். அப்போது 24 கோடியும் 8 கோடியும்தான் மிஞ்சும். 5.4 கோடி ஒளியாண்டில் இருக்கும் கன்னிக் கொத்து என்ற கேலக்ஸிக் கூட்டம் தாராளமாக உள்ளே வந்துவிடும்; அங்கே ஒரு 1ஏ வெடித்தால் 12 வரை ஏறும், ஒரு சாதாரண டைப் 2 சுமார் 14-ஐத் தொடும்.

அடுத்து, எத்தனை கிடைக்கும்? நம் பால்வெளி போன்ற பெரிய சுருள் கேலக்ஸி ஒன்றில் நூறு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் வெடிக்கும். 300 கேலக்ஸிகளை விடாமல் கண்காணித்தால் ஆண்டுக்கு மூன்று நான்கு நிகழ வேண்டும். அதில் சூரியனுக்குப் பின்னால் கேலக்ஸி மறையும் மாதங்களைக் கழியுங்கள். வடகிழக்குப் பருவமழையைக் கழியுங்கள். ரோபோத் தொலைநோக்கிகள் முந்திக்கொள்வதையும் கழித்தால் மிச்சம் மிகக் கொஞ்சம்.

ரோபோக்களின் வேகத்தைப் புரிந்துகொள்ள ஒரு பெயரே போதும். 2023 மே 19 அன்று எம் 101 கேலக்ஸியில் ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோய்ச்சி இடாகாகி கண்டுபிடித்த சூப்பர்நோவாவின் பெயர் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். ஆண்டின் முதல் 26-க்கு ஏ முதல் இஸட் வரை ஓரெழுத்து, அது தீர்ந்ததும் ஈரெழுத்து, பிறகு மூன்றெழுத்து என்று பெயர் வைக்கிறார்கள். அந்த வரிசையில் எண்ணிப் பார்த்தால் ஐஎக்ஸ்எஃப் என்பது 6,714-ஆவது இடம். ஆண்டின் 139-ஆவது நாளுக்குள் அத்தனை சந்தேகப் பொருட்கள் பதிவாகியிருந்தன, நாளொன்றுக்கு 48 வீதம். பாலோமர் மலையில் 48 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியில் இயங்கும் ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி ஒரே படத்தில் 47 சதுர டிகிரி வானத்தை அள்ளுகிறது. 30 விநாடியில் 20.5 மேக்னிட்யூட் வரை போகிறது. ஹவாய், சிலி, தென் ஆப்பிரிக்கா என்று பரவியிருக்கும் அட்லஸ் தொலைநோக்கிகள் ஓரிரு இரவுக்கு ஒருமுறை தெரியும் வானம் முழுவதையும் வருடிவிடுகின்றன. சிலியில் 8.4 மீட்டர் கண்ணாடியுள்ள ரூபின் ஆய்வகமும் 2025-இல் முதல் படங்களை வெளியிட்டுவிட்டது.

இவ்வளவு இருந்தும் 2023ஐஎக்ஸ்எஃப்பை முதலில் பார்த்துச் சொன்னவர் ஒரு அமெச்சூர்தான். வெடித்து ஏறத்தாழ ஒரு நாளில், 14.9 மேக்னிட்யூடில் பிடித்தார். ரோபோக்கள் கோட்டைவிடும் இடங்கள் இருக்கின்றன, அவை எவை என்று தெரிந்தால் நேரத்தை அங்கே செலவழிக்கலாம். ஒன்று, மிகப் பிரகாசமான அருகிலுள்ள கேலக்ஸிகள். 2014 ஜனவரி 21 அன்று லண்டன் மில் ஹில்லில், மேகம் வந்து மூடுவதற்குள் மாணவர்களுக்குக் கேமராவைக் காட்டிவிடலாம் என்று ஸ்டீவ் ஃபாஸி 35 சென்டிமீட்டர் தொலைநோக்கியை எம் 82 மேல் திருப்பினார். அங்கே கிடைத்ததுதான் எஸ்என் 2014ஜே. வெடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. எம் 82-இன் தூசியும் பிரகாசமான வயிற்றுப் பகுதியும் தானியங்கி மென்பொருளைக் குழப்பக்கூடியவை. மனிதக் கண்ணுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவது, நேரம். ஒரு ரோபோ ஒரு கேலக்ஸியை இரவில் ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் பூசோ 2016 செப்டம்பர் 20 அன்று புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 கேலக்ஸியைத் தொடர்ச்சியாகக் குறும்படங்களாக எடுத்தபோது, வெடிப்பின் அதிர்ச்சி அலை விண்மீனின் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் கட்டமே பதிவாகிவிட்டது. எஸ்என் 2016ஜிகேஜி என்ற அந்தப் பொருள் முதல் படங்களில் இல்லை, பிந்தைய படங்களில் இருக்கிறது, அதிலும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. மூன்றாவது, அந்தி. மாலையில் மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும் கேலக்ஸிகளையும், சூரியனுக்குப் பின்னாலிருந்து விடியற்காலைக் கிழக்கில் அப்போதுதான் எட்டிப் பார்ப்பவற்றையும் முதலில் எடுங்கள். கடைசிப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி நீள்வது அங்கேதான்.

கருவியைப் பொறுத்தவரை பெரிய செலவு தேவையில்லை, பொருத்தம்தான் தேவை. 200 மிமீ எஃப்/5 நியூட்டோனியன் என்ற கண்ணாடித் தொலைநோக்கியின் குவியத் தூரம் 1000 மிமீ. 3.76 மைக்ரான் பிக்சல் உள்ள, 11.3 மிமீ சதுர சென்சார் கொண்ட கேமராவைப் போட்டால் ஒரு பிக்சலுக்கு 0.78 ஆர்க்செகண்ட், படத்தின் பக்கம் 39 ஆர்க்மினிட் (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு ஆர்க்மினிட், அதில் 60-இல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட்). இந்த வேலைக்கு இது கச்சிதம். அதே 8 அங்குலத்தில், முன்னால் ஒரு கண்ணாடித் தகடு மூடிய ஷ்மிட்-காசிக்ரெய்ன் என்றால் எஃப்/10-இல் 2032 மிமீ வருகிறது, அதை 0.63 ரிட்யூசர் போட்டு 1280-க்கு இறக்கிக்கொள்ளுங்கள், பிக்சலுக்கு 0.6 ஆர்க்செகண்ட், பக்கம் 30 ஆர்க்மினிட். 50 மிமீ வில்லையும் 250 மிமீ குவியத் தூரமும் கொண்ட சீஸ்டார் எஸ்50 போன்ற சிறு கருவிகளிலும் 2023ஐஎக்ஸ்எஃப் போன்றவை நன்றாக விழும். ஆனால் பிக்சலுக்கு 2.4 ஆர்க்செகண்ட் என்பதால் கேலக்ஸியின் மையத்தருகே வெடிப்பது அந்த ஒளியோடு கலந்துவிடும். பிரகாசமானவற்றைத் தொடர அது போதும், தேடுவதற்குப் போதாது.

எந்தக் கேலக்ஸிகளை எடுப்பது? நம்மை நோக்கி முகம் காட்டும், நட்சத்திரங்கள் மும்முரமாகப் பிறந்துகொண்டிருக்கும் சுருள்கள் முதலில். கனமான விண்மீன்கள் பிறந்து சில கோடி ஆண்டுக்குள் டைப் 2-ஆக வெடித்துவிடுவதால், பிறப்பு நடக்கும் இடத்தில்தான் இறப்பும் நடக்கிறது. என்ஜிசி 6946-இல் 1917-இலிருந்து 2017 வரை பத்து வெடிப்புகள் பதிவாகியிருக்கின்றன. எம் 61-இல் 1926-இலிருந்து 2020 வரை எட்டு. சென்னையின் 13 டிகிரி அட்சத்திலிருந்து என்ஜிசி 6946 அதிகபட்சம் 43 டிகிரி உயரமே ஏறும், எம் 101 சுமார் 49, எம் 82 சுமார் 33. எம் 61 கிட்டத்தட்ட உச்சி வரை வந்துவிடும், தெற்கே எம் 83-உம் 47 டிகிரிக்கு ஏறும். வடக்கு, தெற்கு இரண்டு வானமும் கிடைப்பது நம் ஊரின் வரம். பிப்ரவரி முதல் மே வரை கன்னிக் கொத்து இரவின் பெரும்பகுதி மேலே இருக்கும், மழையும் பெரிதாக இருக்காது. ஆண்டு வேட்டையில் பாதியை அந்த நான்கு மாதத்தில் முடிக்கும்படி பட்டியல் போடுங்கள். 60 முதல் 100 கேலக்ஸி போதும். ஐந்நூறை மாதம் ஒருமுறை பார்ப்பதைவிட அறுபதை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்ப்பது மேல், ஏனென்றால் ஒரு 1ஏ உச்சத்துக்கு ஏறவே 18, 19 நாள்தான் எடுக்கும்.

படம் எடுக்கும்போது ஒவ்வொரு கேலக்ஸிக்கும் 60 விநாடி வீதம் ஐந்து எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் தொலைநோக்கியைப் பத்துப் பதினைந்து பிக்சல் நகர்த்தும் டித்தரிங்கை மறக்காதீர்கள். கேமராவின் கோணத்தை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு திருப்பவே கூடாது. அதே கோணம், அதே வெப்பநிலை, அதே எக்ஸ்போஷர் நேரம், அதே ஃபில்ட்டர் என்று இருந்தால்தான் ஒப்பீடு சுத்தமாக வரும். மூடி போட்டு எடுக்கும் டார்க் படங்களும், சீரான வெளிச்சத்தை எடுக்கும் ஃப்ளாட் படங்களும் கட்டாயம். ஃப்ளாட் இல்லாத படத்தில் ஒரு தூசி வளையம் பொலிவை 0.05 முதல் 0.1 மேக்னிட்யூட் வரை தவறாகக் காட்டும். கடற்கரையோர ஊர்களில் ஷ்மிட்-காசிக்ரெய்னின் முன்கண்ணாடி மேல் பனி படிவது பெரிய தலைவலி. படிவது கண்ணுக்குத் தெரியாது. நட்சத்திரங்கள் மெதுவாகப் பூத்துப்போய் எல்லை 17-இலிருந்து 15-க்கு இறங்கியிருக்கும், காலையில்தான் புரியும். ஒரு ஹீட்டர் பட்டை கட்டிவிட்டால் தீர்ந்தது.

இனி ஒப்பீடு. முதல் பருவத்தில் நல்ல இரவொன்றில் எடுத்த உங்கள் சொந்தப் படமே சிறந்த ஆதாரப் படம். இணையத்தில் கிடைக்கும் பழைய நீலப் பிளேட் படத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். ஃபில்ட்டர் இல்லாத சிமாஸ் கேமரா சிவப்பில் கூர்மையானது; ஹைட்ரஜன் மேகங்கள் அதில் புதுப் புள்ளிகளாகத் தெரியும். எம் 101-இன் கைகளில் என்ஜிசி 5461, 5471 என்று தனி எண் பெற்ற மேகங்களே இருக்கின்றன, 2023ஐஎக்ஸ்எஃப் வெடித்ததே 5461-க்குப் பக்கத்தில்தான். இரண்டு படத்தையும் ஒன்றன் மேல் ஒன்று பொருத்தி, மங்கலானவை தெரியும்படி பொலிவைக் கூட்டும் ஸ்ட்ரெட்ச்சை இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்து, விநாடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிக் காட்டச் செய்யுங்கள். இதுதான் பிளிங்க். நட்சத்திரங்கள் எல்லாம் அசையாமல் நிற்கும். புதியது ஒன்று இருந்தால் அது மட்டும் கண் சிமிட்டும். மையத்தை இருமுறை பாருங்கள்: வெளிக்கைகள் தெரியும் ஸ்ட்ரெட்ச்சில் மையம் வெள்ளைக் குழம்பாக நிறைந்துவிடும், அதற்குள் இருப்பது தெரியாது. ஸ்ட்ரெட்ச்சை இறக்கி மையத்துக்கென்று தனியாக ஒரு பிளிங்க் தேவை. ஆஸ்திரேலியாவின் பாதிரியார் ராபர்ட் எவான்ஸ் கேமராவே இல்லாமல், கேலக்ஸிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே 40-க்கு மேல் கண்டுபிடித்தார். அவர் தலைக்குள் நடந்ததும் இதே பிளிங்க்தான். மென்பொருளால் ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கவும் செய்யலாம். ஆனால் இரு இரவின் வானக் கலக்கமும் ஒன்றாக இருக்காது, நேரடியாகக் கழித்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தைச் சுற்றியும் கறுப்பு வெள்ளை வளையம் மிஞ்சும். 1998-இல் அலார்ட், லப்டன் இருவரும் தந்த முறை, கூர்மையான படத்தை மங்கலானதன் அளவுக்கு மங்கலாக்கிவிட்டுக் கழிக்கிறது.

ஒரு புள்ளி சிமிட்டுகிறது என்று வையுங்கள். மகிழ்ச்சியை அடக்கிக்கொண்டு, அதை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். உண்மையான நட்சத்திர ஒளி நடுவில் உயர்ந்து, நாலாபக்கமும் மெதுவாகச் சரிந்து, பக்கத்து நட்சத்திரங்களின் அகலத்திலேயே இருக்கும். அருகிலுள்ள ஐந்து நட்சத்திரங்களின் அகலம் 3.8, 4.0, 3.9 பிக்சல் என்று வந்து, இதன் அகலம் மட்டும் 1.3 என்று வந்தால் அது சூடான பிக்சலோ காஸ்மிக் கதிரோதான். டித்தரிங் செய்திருந்தால் தனித்தனிப் படங்களைத் திறந்தால் போதும்: சூடான பிக்சல் சென்சாரின் அதே இடத்தில் நிற்கும், வானத்தில் நகரும். காஸ்மிக் கதிர் ஒரே படத்தில் மட்டும் இருக்கும். பிரகாசமான நட்சத்திரத்தின் பிரதிபலிப்பு என்ற சந்தேகம் வந்தால் தொலைநோக்கியைச் சில ஆர்க்மினிட் தள்ளி மறுபடி எடுங்கள். பேய்ப்பிம்பம் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகராது.

இவற்றைத் தாண்டி வந்த புள்ளிக்குப் பெரிய எதிரி சிறுகோள். கன்னிக் கொத்து கிரகங்கள் போகும் பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால், நமக்கு வசதியான அந்த நான்கு மாதமும் இந்தத் தொல்லை இருக்கும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் முதன்மைப் பட்டைச் சிறுகோள், வானில் சூரியனுக்கு நேர் எதிரே வரும் எதிர்நிலை அருகே மணிக்கு 30 முதல் 40 ஆர்க்செகண்ட் ஓடும். முதல் படத்துக்கு அரை மணி கழித்து இன்னொரு தொகுதி எடுத்தால் 15 ஆர்க்செகண்டாவது நகர்ந்திருக்கும், அதாவது 20 பிக்சல். ஆனால் திசை திரும்பும் கட்டத்தில் இருக்கும் சிறுகோள் அரை மணியில் அசைந்ததே தெரியாது. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் சிறுகோள்களைப் பதிவு செய்யும் மைனர் பிளானட் சென்டரின் எம்பி செக்கர் பக்கத்தில் அந்த இடத்தையும் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். அடுத்து பான்-ஸ்டார்ஸ் வான ஆய்வின் படத்திலும் கையா விண்கலத்தின் நட்சத்திர அட்டவணையிலும் அதே இடத்தில் 20, 21 மேக்னிட்யூடில் ஒரு மங்கலான நட்சத்திரம் உண்டா என்று தேடுங்கள். இருந்தால் அது நம் பால்வெளியில் திடீரென்று பொலிவேறிய மாறுவிண்மீனாக இருக்கலாம். கடைசியாக, புதிதாகத் தோன்றும் பொருட்களுக்குப் பெயர் தரும் டிரான்சியன்ட் நேம் சர்வர் தளத்தில், சுருக்கமாக டிஎன்எஸ், அந்த ஆயத்தொலைவை (வானத்தில் அதன் இடத்தைச் சொல்லும் எண்களை) தேடுங்கள். பெரும்பாலும் பதில் அங்கே இருக்கும்: முந்தாநாளே பெயர் வாங்கிவிட்டது. அதற்காக வருந்த வேண்டாம். உங்கள் முறை வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

டிஎன்எஸ்ஸில் இல்லையென்றால் தாமதிக்காமல் பதியுங்கள். கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. கேட்பவை: ஆயத்தொலைவு (படத்தை ஆஸ்டாப் போன்ற மென்பொருளில் நட்சத்திர அட்டவணையோடு பொருத்தி, ஒரு ஆர்க்செகண்டுக்குள் துல்லியமாக), கண்டுபிடித்த நேரம், மேக்னிட்யூட், ஃபில்ட்டர், கருவி, தாய் கேலக்ஸி, அதோடு கடைசியாக அது இல்லாமல் இருந்த நாளும் அன்று உங்கள் படம் எட்டிய எல்லையும். நேரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுவது. எல்லாம் உலக நேரத்தில் இருக்க வேண்டும். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்தால் தேதியே மாறிவிடும். மே 20 அதிகாலை 2 மணிக்கு எடுத்த படம் மே 19, 20:30. தசமத்தில் மே 19.854. இடாகாகியின் கண்டுபிடிப்பு மே 19, 17:27 என்று பதிவாகியிருக்கிறது. அப்போது ஜப்பானில் 20-ஆம் தேதி அதிகாலை, தமிழ்நாட்டில் 19-ஆம் தேதி இரவு 10:57. கணினிக் கடிகாரத்தை இணைய நேரத்தோடு இணைக்காமல் விட்டு ஐந்து நிமிடம் பிந்தியிருப்பதும் அடிக்கடி நடக்கும். பதிந்தவுடன் அது ஏடி என்ற முன்னொட்டோடு பெயர் பெறும். யாராவது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அதாவது நிறமாலை எடுத்து, வகை சொன்ன பிறகுதான் ஏடி மாறி எஸ்என் ஆகும். முடிந்தால் பதியுமுன் வேறு ஊரில் இருக்கும் நண்பரிடம் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். உங்கள் கருவியின் குறை அவர் கருவியில் இருக்காது.

"கடைசியாக இல்லாத நாள்" என்ற அந்தக் கட்டத்தைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 2023ஐஎக்ஸ்எஃப் வெடித்த நேரத்தைச் சில மணி நேரத்துக்குள் குறுக்க முடிந்தது, அதற்கு முந்தைய இரவில் எம் 101-ஐ அழகுக்காகப் படமெடுத்த அமெச்சூர்களின் படங்களால்தான். ஒன்றும் தெரியாத படமும், எந்த மேக்னிட்யூட் வரை ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல முடிந்தால், அளவீடுதான். எதையும் அழிக்காதீர்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படும் பகுதி, தொடர்ந்து அளப்பது. புதிதாகத் தொடங்குபவர் முதல் ஆண்டு தேடலை ஒதுக்கிவிட்டு, 14 மேக்னிட்யூடைவிடப் பிரகாசமான, ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட சூப்பர்நோவா இரண்டை எடுத்து ஆறு மாதம் தொடர்வதே சரி என்பது என் கருத்து. தேடலுக்குத் தேவையான கை அதில்தான் பழகும். பச்சை-மஞ்சள் ஒளியை மட்டும் விடும் வி ஃபில்ட்டர் இருந்தால் நல்லது. கலர் கேமரா என்றால் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்தெடுங்கள், அவை வி-க்கு அருகில் வரும். அமெரிக்க மாறுவிண்மீன் நோக்குநர் சங்கமான ஏஏவிஎஸ்ஓ அந்தப் புலத்தின் ஒப்பு நட்சத்திரங்களின் மேக்னிட்யூடைத் தருகிறது. படத்தில் எந்த நட்சத்திரத்தின் உச்சமும் 65,535-இல் முட்டக் கூடாது, 40,000-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒளியை அளக்க மென்பொருள் நட்சத்திரத்தைச் சுற்றிப் போடும் வட்டத்தின் ஆரம் நட்சத்திர அகலத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

கணக்கு எளிது. 13.20 மேக்னிட்யூட் ஒப்பு நட்சத்திரம் 48,000 எண்ணிக்கை தருகிறது, சூப்பர்நோவா 12,000. நான்கில் ஒரு பங்கு. 4-இன் மடக்கை 0.602, அதை 2.5-ஆல் பெருக்கினால் 1.51. ஆக 14.71. சைகை இரைச்சலைப் போல 50 மடங்கு என்றால் பிழை சுமார் 0.02. பிரச்சினை வருவது பின்னணியில். மென்பொருள் வட்டத்தைச் சுற்றி ஒரு வளையம் போட்டு வானத்தின் ஒளியை எடுக்கும். வளையத்தின் ஒரு பக்கம் கேலக்ஸியின் கை, மறுபக்கம் வெறும் வானம். சூப்பர்நோவா பிரகாசமாக இருக்கும்வரை இது உறைக்காது. மங்கிய பிறகு, நாளுக்கு நாள் பொலிவைக் குறித்து வரையும் ஒளி வளைவு ஒரு மட்டத்தில் வந்து நின்றுவிடும், அது இறங்காமல் நிற்பதுபோலத் தெரியும். அங்கே நீங்கள் அளந்துகொண்டிருப்பது கேலக்ஸியின் கையை.

சரியாக அளந்த ஒளி வளைவு நிறையப் பேசும். ஏறும்போது தினமும், உச்சம் கடந்ததும் மூன்று நாளுக்கு ஒருமுறை, கடைசியில் மெதுவாக மங்கும் வாலில் வாரம் ஒருமுறை அளந்தால் போதும். 1ஏ கூர்மையாக ஏறி, நீலத்தில் உச்சத்துக்குப் பின் 15 நாளில் சுமார் 1.1 மேக்னிட்யூட் இறங்கும். இந்த இறக்கம் மெதுவாக இருந்தால் அந்தச் சூப்பர்நோவா இயல்பிலேயே பிரகாசமானது என்று 1993-இல் மார்க் பிலிப்ஸ் காட்டினார். தூரம் அளக்கும் வேலை முழுக்க இதன் மேல் நிற்கிறது. டைப் 2-இல் பெரும்பாலானவை ஏறி, சுமார் 100 நாள் ஒரே மட்டத்தில் நின்று, பிறகு திடீரென்று விழும். விரிந்து குளிரும் ஹைட்ரஜன் உறை வெளியிலிருந்து உள்ளாக மின்னேற்றம் இழந்து ஒளிபுகும்படி ஆவதுதான் அந்த மட்டத்துக்குக் காரணம். விழுந்த பின் வரும் வால் கதிரியக்கத்தின் கையெழுத்து: வெடிப்பில் உண்டான நிக்கல்-56 ஆறு நாள் அரை ஆயுளில் கோபால்ட்-56 ஆகிறது, அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பாகிறது. சிதைவின் சக்தி முழுதும் உள்ளேயே சிக்கினால் வால் 100 நாளுக்கு 0.98 மேக்னிட்யூட் வீதம் இறங்க வேண்டும். உங்கள் மாடியிலிருந்தே அந்தக் கோபால்ட்டின் அரை ஆயுளை அளந்துவிடலாம். 1ஏ இதைவிட வேகமாக விழும், காமாக் கதிர்களில் ஒரு பகுதி தப்பித்து வெளியேறுவதால்.

வகையை உறுதியாகச் சொல்வது நிறமாலை. ஹைட்ரஜன் இருந்தால் டைப் 2. ஹைட்ரஜன் இல்லாமல், 6150 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அருகே அகலமான பள்ளம் இருந்தால் 1ஏ, அது சிலிக்கனுடையது. அதன் சொந்த இடம் 6355. நம்மை நோக்கி விநாடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அளவில் பாய்ந்து வருவதால் நீலப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. ஹைட்ரஜனும் சிலிக்கனும் இல்லாமல் ஹீலியம் இருந்தால் 1பி, அதுவும் இல்லையென்றால் 1சி. கோடுகள் இத்தனை அகலமாக இருப்பதால் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும், மில்லிமீட்டருக்கு 100 கோடு கீறிய சாதாரண கிரேட்டிங்கே பிரகாசமான சூப்பர்நோவாவில் சிலிக்கன் பள்ளத்தைக் காட்டிவிடும். குறுகிய கோடுகளைப் பார்க்கத்தான் பெரிய கருவி வேண்டும். 2023ஐஎக்ஸ்எஃப்பின் முதல் சில நாள் நிறமாலையில் அப்படிக் குறுகிய கோடுகள் தோன்றி ஒரு வாரத்துக்குள் மறைந்தன. வெடிப்பதற்கு முன் அந்தச் சிவப்பு அசுர விண்மீன் உதிர்த்திருந்த வாயு, வெடிப்பின் ஒளியில் ஒருகணம் மின்னியது அது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் 2 மீட்டர் இமாலயன் சந்திரா தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. அந்தத் தொலைநோக்கி தாங்கும் பெயர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகருடையது. வெண் குறுமீனின் நிறை சூரியனைப் போல 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்று 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் அவர் போடத் தொடங்கிய கணக்கு, 1ஏ வெடிப்பைப் புரிந்துகொள்ள இன்றும் முதல் படி.

உண்மையிலேயே தொலைதூரக் கேலக்ஸிகள், ஒளி கிளம்பிக் கோடிக்கணக்கில் அல்ல, நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் ஆனவை, நம் கருவிக்கு எட்டாது. அங்கே 1ஏ உச்சத்திலேயே 22, 23 மேக்னிட்யூட். அவற்றைத் தேடிய முறை மட்டும் நாம் கற்க வேண்டியது. 1980-களின் இறுதியில் டென்மார்க் குழு ஒன்று சிலியின் லா சில்லாவில் 1.5 மீட்டர் தொலைநோக்கியால் இரண்டு ஆண்டு தேடி, எஸ்என் 1988யூ என்ற ஒரு நல்ல 1ஏவைப் பிடித்தது, அதுவும் உச்சம் கடந்த பிறகு. சால் பெர்ல்முட்டரின் குழு தேடலையே நாட்காட்டியில் பூட்டியது: அமாவாசை கழிந்ததும் ஆயிரக்கணக்கான கேலக்ஸிகளை ஒருமுறை, மூன்று வாரம் கழித்து அடுத்த அமாவாசைக்குச் சற்று முன் அதே கேலக்ஸிகளை மறுபடி. இடையில் புதிதாக முளைத்தவை எல்லாம் பெரும்பாலும் ஏறிக்கொண்டிருப்பவை, கைவசம் நிலவில்லாத இரவுகள் காத்திருக்கும். கண்டுபிடிப்பு எந்த வாரம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்ததால் பெரிய தொலைநோக்கிகளில் நேரம் கேட்க முடிந்தது. 1998-இல் அவர் குழுவும் பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் இருந்த குழுவும் அந்தச் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதை வைத்து, பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று காட்டின. மூவருக்கும் 2011-இல் நோபல். அத்தனை தூரத்தில் காலமே நீள்கிறது: பிரபஞ்ச விரிவால் ஒளி சிவப்புப் பக்கம் நீளும் அளவான செம்பெயர்ச்சி 0.5 என்றால், இங்கே 20 நாளில் நடக்கும் இறக்கம் அங்கே 30 நாள் எடுப்பதாகத் தெரியும். வளைவைத் திருத்தாமல் ஒப்பிட்டால் பிலிப்ஸின் விதியே தவறான விடை தரும்.

உங்கள் சூப்பர்நோவாவுக்குத் திரும்பினால், அது எல்லைக்குக் கீழே மங்கி மறைந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஓர் ஆண்டு கழித்து, அதே மாதத்தில், அதே தொலைநோக்கி, அதே கேமரா, அதே கோணம், அதே ஃபில்ட்டரில் அந்தக் கேலக்ஸியை மறுபடி எடுங்கள், இம்முறை வழக்கத்தைவிட மூன்று நான்கு மடங்கு நேரம். அந்தப் படத்தைப் பழைய படங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் கழித்தால் கேலக்ஸியின் கை மறைந்து வெடிப்பின் ஒளி மட்டும் நிற்கும். வாலின் மட்டம் இறங்கி, கோபால்ட்டின் சரிவில் போய் உட்காரும். பிறகு எல்லா அளவையும் மறுபடி கணக்கிட்டு, திருத்திய எண்களை ஏஏவிஎஸ்ஓவுக்கு அனுப்புங்கள்.